ஜெசிந்தா வண்டியில் ஆளுக்கு ஒரு கை

கருங்குழிப் பக்கமிருந்து சிறுசேரிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஏறுகிறவர்கள் உட்கார்ந்ததும் காதில் ஒயரைச் செருகிக்கொள்வார்கள், வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள், இறங்குமிடம் வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். ஜெசிந்தாவின் வெள்ளை வேனில் அந்தப் பருப்பு வேகாது. அதில் ஏறினால் பேச வேண்டும். பேச வாய் வராவிட்டால் காது கொடுத்துக் கேட்கவாவது வேண்டும். கேட்டுவிட்டு, கேளம்பாக்கம் சிக்னலில் வண்டி நிற்கும்போது ஏதாவது ஒரு பக்கம் கை தூக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஜாதிக்கு அந்த வண்டியில் சீட்டே கிடையாது.

இந்த வழக்கத்தை யாரும் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. வேன்களை ஏற்பாடு செய்கிற ஒப்பந்தக்காரர் ஒரு நாள் இரண்டு ட்ரிப்பை ஒன்றாக்கினார். ஒன்று, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கானது. மற்றொன்று, அதே கட்டடத்தைக் கூட்டித் துடைத்துச் சுத்தம் செய்கிறவர்களுக்கானது. டீசல் மிச்சம் என்று அவருக்குச் சந்தோஷம். வண்டிக்குள்ளோ முன் சீட்டெல்லாம் ஒரு கூட்டம், பின் சீட்டெல்லாம் ஒரு கூட்டம், நடுவில் ஒரு வரிசை காலி. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், பூஞ்சேரி, திருப்போரூர் என்று ஊர் ஊராக ஆள் ஏறியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும்.

ஜெசிந்தாவுக்கு அந்த அமைதி ஆகவில்லை. அமைதியாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் வரும். ஓட்டுகிறவளுக்குத் தூக்கம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டாள்: “ஏங்க, ஸ்கூலு போற புள்ளைங்க கையில போனு குடுக்கலாமா, கூடாதா?”

அவ்வளவுதான். அம்சா பின் சீட்டிலிருந்து ஆரம்பித்தாள். அவள் கருங்குழிக்காரி, கட்டடத்தின் நான்காம் மாடியைத் துடைப்பவள், வீட்டில் பத்தாவது படிக்கிற பெண் இருக்கிறாள். முன் சீட்டிலிருந்து பத்ரி திரும்பினார். அவர் மாமல்லபுரத்துக் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர். வாதம் என்றால் காலைக் காபியை மறந்துவிட்டு வருகிற ஆள். கேளம்பாக்கம் வரும்வரை ஒரே ரணகளம். சிக்னல் சிவப்பில் நின்றது. அந்தச் சிக்னல் காலை நேரத்தில் பச்சை காட்டியதாகச் சரித்திரமே கிடையாது. ஜெசிந்தா கைப்பிரேக்கை இழுத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“இப்டியே கத்திகினு இருந்தா எப்டி? குடுக்கலாம்ன்றவங்க கை தூக்குங்க.”

அன்று தூக்கிய கைதான். அதற்குப் பிறகு தினமும் ஒரு தலைப்பு, தினமும் கேளம்பாக்கத்தில் தீர்ப்பு. சினிமா, அரசியல், சாமி மூன்றையும் ஜெசிந்தா தடை செய்துவிட்டாள். ஒரு நடிகரின் பேரைச் சொல்லப் போய் இரண்டு பேர் மாதக் கணக்கில் பேசாமல் வந்ததுதான் காரணம். போன், கம்ப்யூட்டர், இன்டர்நெட் இவற்றை மட்டும் விட்டுவைத்தாள். அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள். “இதுல யாருக்கும் பரம்பரைக் கட்சி கிடையாது. எல்லாருக்கும் புச்சு. அதனால எல்லாரும் யோசிச்சுத்தான் பேசியாவணும்” என்பாள். நானும் யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

என்னென்ன தலைப்புகள் ஓடின என்று கேட்டால் அசந்துபோவீர்கள். பரீட்சையில் காப்பி அடிக்கிறார்கள் என்பதற்காக ஒரு ஊருக்கே இன்டர்நெட்டை நிறுத்துவது நியாயமா? துணிக்கடையில் பில் போட எதற்கு நம் போன் நம்பர்? ரேஷன் கடை மிஷின் அம்சாவின் விரலை அவள் விரல் இல்லை என்று சொல்கிறதே, ஆசிட் ஊற்றித் தரை துடைத்து ரேகை தேய்ந்தவள் வேறு விரலுக்கு எங்கே போவாள்? ஏஐ வந்தால் முதலில் யார் வேலை போகும், மானசாவுக்கா அம்சாவுக்கா? மானசா திருக்கழுக்குன்றத்துப் பெண், ஏஐக்குப் பாடம் கற்றுக்கொடுக்கிற குழுவிலேயே வேலை செய்பவள். அந்த நாள் கைகளை எண்ணியபோது, மானசாவின் வேலைதான் முதலில் போகும் என்று முடிவானது. மானசாவே அதற்குக் கை தூக்கினாள். அம்சா பின்னாலிருந்து சாய்ந்து, “கவலப்படாத கண்ணு, எங்க மாடில எப்பவும் ஆளு பத்தல” என்று ஆறுதல் சொன்னாள். வேனே சிரித்தது, மானசாவும்தான்.

கை விஷயத்தில் ஜெசிந்தா கறார். ஆளுக்கு ஒரு கை, அதற்கு மேல் இல்லை, அதற்குக் கீழும் இல்லை. பத்ரியின் கை எவ்வளவோ அம்சாவின் கையும் அவ்வளவே. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டால் யாராவது ஒருவர் முறை வைத்து எதிர்ப்பக்கம் பேச வேண்டும். ஓட்டுகிறவளுக்கும் ஒரு கை உண்டு. ஆனால் அது கடைசியாகத்தான் எழும்பும்.

இந்தக் கறாருக்குப் பின்னால் அவளுடைய நைனா ஆபிரகாம் இருந்தார். மதுராந்தகம் ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்களில் ஆயுசு முழுக்கக் கதிர் அறுத்தவர். அறுத்ததில் ஒரு சென்ட் நிலம்கூட அவருடையது இல்லை. விடியற்காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும்போது அவர் கை தூக்குவார், தலையை எண்ணுவதற்காக. மற்றபடி அந்தக் கைக்கு வேலை உண்டே தவிர பேச்சு கிடையாது. இன்றைக்கு எந்த வயலில் இறங்கலாம், எப்போது கரை ஏறலாம், எதைப் பற்றியும் அவரிடம் ஒருத்தரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வாயைத் திறந்தவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அவர் மகள் இப்போது சொந்த வண்டிக்கு முதலாளி. அவள் திரும்பிப் பார்த்து “கை தூக்குங்க” என்றால் வேனே தூக்குகிறது. அந்த நேரத்தில் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கலெக்டர் நாற்காலியில் உட்கார வைத்தாலும் அவ்வளவு மிடுக்கு வராது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள்தான் கேமரா வந்தது. வந்ததற்குக் காரணமும் ஜெசிந்தாவேதான்.

ஒப்பந்தக்காரர் அலுவலகம் எல்லா வேன்காரர்களையும் கேட்டது: ஏஐ கேமரா வைத்துக்கொள்ளச் சம்மதமா? ஓட்டுகிறவர் கொட்டாவி விட்டாலோ போனைப் பார்த்தாலோ அது கண்டுபிடித்துவிடுமாம், மதிப்பெண் போடுமாம். ஜெசிந்தா அதையே அன்றைய தலைப்பாக வைத்தாள்.

பத்ரிக்கு ஒப்பவில்லை. “பார்க்கறதோட நிக்காது ஜெசிந்தாம்மா. பார்த்ததை எங்கயோ சேர்த்து வெச்சுக்கும். எத்தனை நாள் வெச்சுக்கும், யாரெல்லாம் பார்ப்பா, வேண்டாம்னா அழிப்பாளா? இதையெல்லாம் முன்னாடியே எழுதித் தரணும். கேக்காம கையெழுத்துப் போட்டா அப்புறம் நம்ம மூஞ்சி நம்மளது இல்லை.”

“எங்களுக்கு பாத்ரூம் வாசல்லயே மார்க்கு போடற மிஷினு ஒண்ணு மாட்டி வெச்சிக்கிறாங்க சார்” என்றாள் அம்சா. “சுத்தமா கீதா இல்லியான்னு சிரிக்கற மூஞ்சி, அழுவற மூஞ்சி. போறவன் வர்றவன்லாம் அழுவற மூஞ்சிய அமுக்கிட்டுப் போறான். வண்டிலயாச்சும் வுடுங்களேன் எங்கள.”

மானசா வேறு பக்கம். “நான் ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டுத் தனியா ஏறியிருக்கேன், வேற வண்டியில. அப்போ ஒரு கேமரா இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.”

கேளம்பாக்கம் வந்தது. அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி என்று கைகள் சரிசமமாக நின்றன. மிச்சம் இருந்தது ஓட்டுகிறவளின் கை.

“நான் ஸ்டீரிங் புடிச்ச நாள்லேர்ந்து முந்திப் போறவன்லாம் கண்ணாடிய எறக்கிப் பொம்பள ஓட்றாடான்னு சொல்லிகினுதான் போறான்” என்றாள் ஜெசிந்தா. “ஒரு கீறல் வுழுந்தது கிடையாது இந்த வண்டில. அத எவனும் எழுதி வெக்கல. ஒரு மிஷினாவது ஒழுங்கா பாத்து எழுதட்டுமே.” கையைத் தூக்கினாள். கேமரா ஜெயித்தது.

வந்து மாட்டியதும் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தாள் அம்சா. ஸ்டீரிங்குக்கு மேலே குந்திக்கொண்டு சிவப்பு விளக்கோடு முறைத்தது, அதற்கு உள்ளே ஒரு கண், வெளியே ஒரு கண். முதல் வாரம் வெளியே ரோட்டைப் பார்க்கிற கண்ணை மட்டும் திறந்துவிட்டார்கள். போனில் வந்த மதிப்பெண்ணைப் பார்த்து ஜெசிந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒப்பந்தக்காரரிடம் ஓடுகிற வேன்களிலேயே அவளுக்குத்தான் முதல் இடம். நாவலூர் அடுக்குமாடிகளில் குழாய் வேலை செய்கிற அவள் கணவன் ஜான்சன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஸ்கூல்ல கூட நீ இம்மா மார்க்கு வாங்கினது இல்லியே” என்றான். அவள் அதை மாதா கோயிலில் பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். கேட்காதவர்களுக்கும் காட்டினாள்.

அடுத்த வாரம் மாமியாரின் உள்ளே பார்க்கிற கண்ணையும் திறந்துவிட்டார்கள். மறுநாளே மதிப்பெண் சரிந்தது. பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் சிவப்பாயிற்று. தினமும் ‘தீவிர நிகழ்வு’ என்று ஒரு வரி வந்தது. என்ன நிகழ்வு, எங்கே, எப்போது என்று ஒன்றும் இல்லை. காரணம் அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியும், ஓட்டுகிறவருக்குக் காட்டாது என்றாள் மானசா.

ஜெசிந்தா இடிந்துபோனாள். ரோட்டில் ஒரு நாய்க்குக்கூட அவளால் தொந்தரவு வந்ததில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். வாயில் போட்டுக்கொள்கிற சோம்பை நிறுத்தினாள். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். கொட்டாவி வந்தால் உதட்டைக் கடித்து விழுங்கினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், மாமியாருக்கு என்னதான் கோபம் என்பதையே தலைப்பாக வைத்தார்கள். பத்ரி கொட்டாவி என்றார், அம்சா தன் தலையில் இருக்கிற பூவைச் சந்தேகப்பட்டாள், மானசா வெளிச்சம் போதவில்லை என்றாள். கேளம்பாக்கம் சிக்னலில் எல்லாரும் கை தூக்கினார்கள். கொட்டாவி ஜெயித்தது. அன்றைக்குச் சிவப்பு இன்னும் அடர்த்தியாக வந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்திலேயே அவர்களுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நம் வழக்கம் நம் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் விஷயம்.

ஒப்பந்தக்காரரின் நாவலூர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கே வேன்களைக் கவனிக்கிறவர் பார்த்தசாரதி. கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனிதர். மேஜைமேல் பெரிய திரை, அதில் வேன் வேனாகச் சின்னச் சின்னச் சதுரங்கள்.

“உட்காருங்கம்மா. ஒரு படம் போடறேன், நீங்களே பாருங்க. சத்தம் வராது, படம் மட்டும்தான்.”

படம் ஓடியது. ஒரு வேன் நிற்கிறது. ஓட்டுகிற பெண் ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே இருக்கிறவர்கள் வாயைத் திறந்து கத்துகிறார்கள். அப்புறம் ஒருவர் பாக்கியில்லாமல் கையை மேலே தூக்குகிறார்கள். துப்பாக்கி காட்டினால் தூக்குவது போல. கீழே சிவப்பு எழுத்தில் மிஷின் எழுதியிருந்தது: பயணிகள் ஆபத்தில். கைகலப்பு. ஓட்டுநர் கவனம் சாலையில் இல்லை.

“தினமும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல” என்றார் பார்த்தசாரதி. “கேளம்பாக்கத்துல தினமும் வழிப்பறி நடக்குதாம்மா உங்க வண்டில?”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

“சிரிக்கிற விஷயம் இல்லம்மா. மாசக் கடைசியில அடுத்த வருஷத்துக்கு யார் யாருக்கு ட்ரிப்புன்னு முடிவாகும். என் கையில இல்ல. இந்த மார்க்கைப் பார்த்து மிஷினே போடும். இப்போ இருக்கிற நிலமையில உங்க பேர் வராது.”

வண்டிக்கு அந்த ஒரு ட்ரிப்தான். ஜெசிந்தாவின் கை கழுத்துக்குப் போனது. பார்த்தசாரதி அவள் கழுத்தில் கிடந்த சிலுவையைக் கவனித்தார். அவர் முகம் தெளிந்தது.

“அட, ஜெபமா? கை தூக்கி ஜெபம் பண்றீங்களா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே. இதுல காரணம் போட ஒரு இடம் இருக்கு. மத வழக்கம்னு ஒண்ணு, மருத்துவ அவசரம்னு ஒண்ணு. நான் மத வழக்கம்னு போட்டுட்டா ஒருத்தரும் மேல கேள்வி கேட்கமாட்டாங்க. பழைய சிவப்பெல்லாம் அழிஞ்சிடும்.”

எவ்வளவு சுலபம் பாருங்கள். தலையை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். சாமியை நம்புகிறவள்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கை தூக்குகிறவள்தான். ஆனால் ஜெசிந்தாவின் தலை ஆட மறுத்தது.

“ஜெபம் இல்ல சார். அபிப்பிராயம்.”

“என்னது?”

“தெனம் ஒரு விசயம் பேசுவோம். யாரு யாரு எந்தப் பக்கம்னு கை தூக்குவோம். வண்டி நின்னப்புறம்தான், கைப்பிரேக்கு போட்டுட்டுத்தான்.”

பார்த்தசாரதி திரையில் மேலும் கீழும் தேடினார். “அபிப்பிராயம்னு இதுல இல்லம்மா. இருக்கறதுல ஒண்ணைச் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து நிறுத்திடுங்க.”

“அத நான் ஒருத்தியா சொல்ல முடியாது சார். வண்டில கேக்கணும்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கேளுங்கள், கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் காலை செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஜெசிந்தா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதலில் பேசியவர் பத்ரி. அவர் சொல்லிக்காட்டுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“கேமரா வேண்டாம்னு நான் கை தூக்கினவன். ஆனா தோத்துட்டேன். தோத்தவன் அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது, அது நம்ம வண்டி வழக்கம். இப்போ உங்க ட்ரிப் போகக்கூடாது. ஜெபம்னே சொல்லிடுங்கோ. நானும் கோயில்காரன்தான், பெருமாள் தப்பா எடுத்துக்கமாட்டார்.”

“சாமி பேரச் சொல்லிப் பொய்யா?” என்றாள் அம்சா. “அக்கா, வேணாம்.”

மானசாவிடம் வேறு வழி இருந்தது. “கையே தூக்க வேண்டாம். நம்ம எல்லாருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் போடறேன். கேள்வியை அதுல போட்டா அவங்கவங்க போன்லயே தட்டிடலாம். எண்ணிக்கையும் அதுவே சொல்லிடும். கேமராவுக்கு எல்லாரும் சும்மா போன் பார்த்துண்டு இருக்கற மாதிரிதான் தெரியும்.”

நல்ல யோசனை. வண்டியில் பாதித் தலைகள் ஆடின. ஜெசிந்தாவுக்கே அப்பாடா என்றிருந்தது. ட்ரிப்பும் போகாது, பேச்சும் நிற்காது, பொய்யும் இல்லை. அப்போது அம்சா பின்னாலிருந்து எழுந்து நடு வரிசைக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சொல்றது நல்லாத்தான் கீது மானசா. ஆனா எனக்கு வேணாம். அந்தக் கட்டடத்துல நான் தொடச்சிகினு இருக்கும்போது காலத் தூக்கிக்கறவங்க உண்டு, நவுந்துக்கறவங்க உண்டு. என்னக் கேட்டவங்க எவங்களும் இல்ல. இந்த வண்டில நான் கையத் தூக்கினா பத்ரி சாரு திரும்பிப் பாக்கறாரு. நீ பாக்கற. ஏன் அம்சா அந்தப் பக்கம்னு கேக்கறீங்க. போனுக்குள்ள தட்டினா அது வெறும் நம்பராப் பூடும். என் கைய நாலு பேரு பாக்கணும். எனக்கு அதான் வேணும்.”

ஜெசிந்தாவுக்கு ரோடு மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. கூலிக்கு ஆள் எடுக்கிற இடத்தில் தூக்கிய கையோடு நின்ற நைனாவை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையையும்தான் நாலு பேர் பார்த்தார்கள். ஏன் ஆபிரகாம் என்று ஒருத்தர் கேட்டிருந்தால் அவர் எவ்வளவு பேசியிருப்பார்.

கேளம்பாக்கம் வந்தது. ஜெபமா, போனா, கையா என்று கேட்டாள். கைதான் ஜெயித்தது. முதலில் தூக்கியவள் மானசா. எல்லாரையும் இறக்கிவிட்டு வண்டியை ஓரங்கட்டி, ஜெசிந்தா பார்த்தசாரதிக்குப் போன் செய்தாள். “கேட்டேன் சார். நிறுத்த மாட்டோம்ன்றாங்க. பொய்யும் சொல்ல மாட்டோம்ன்றாங்க. கேமராவையும் கழட்ட வேணாம், அது பாக்கறத ஒழுங்காத்தான் பாக்குது. பாத்தது இன்னான்னு அதுக்குத் தெரியல, அவ்ளோதான். நீங்க ஒரு நாளு வந்து பாருங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். ஜெசிந்தா அந்த வாரம் முழுக்க ஜான்சனிடம் சிடுசிடுத்தாள். வேறு வேலை தேட வேண்டிவருமோ என்று வண்டி விற்கிற, வாங்குகிற தரகரிடம்கூட ஒரு வார்த்தை போட்டுவைத்தாள். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் கேளம்பாக்கத்தில் கைப்பிரேக்கை இழுத்தாள். திரும்பி உட்கார்ந்தாள்.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு காலையில் திருப்போரூர் நிறுத்தத்தில் பார்த்தசாரதி நின்றுகொண்டிருந்தார். ஏறி, நடு வரிசையில், ஒரு காலத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்தார். “சும்மா பார்த்துட்டுப் போலாம்னு” என்றார்.

தலைப்பு வைக்கிற முறை அன்றைக்கு அம்சாவுடையது. அவள் யாருக்காகவும் மாற்றவில்லை. “ஒருத்தரு வேல நிக்குமா போவுமான்னு மிஷின் மட்டும் சொன்னாப் போதுமா, ஒரு ஆளு பாக்கணுமா?”

எதிர்ப்பக்கம் பேசுகிற முறை பத்ரிக்கு. அவர் முறையென்றால் முறைதான், விட்டுக்கொடுத்துப் பேசுகிற ஆள் இல்லை. “ஆள் பார்த்தா யோக்கியமா பார்ப்பானா? யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, என்ன ஜாதி, எல்லாம் பார்ப்பான். மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது. எத்தனையோ இடத்துல மனுஷன் செஞ்சதை விட மிஷின் நேர்மையா செய்யும்.”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது, அது அந்த வண்டியில் பாதிப் பேர் உடம்பில் பட்டு அறிந்த உண்மை. ஜெசிந்தா கண்ணாடியில் அவரைப் பார்த்து, நல்லாப் பேசினீங்க என்பது போலத் தலையை அசைத்தாள்.

“தெரியாது சார், கரெக்டு” என்றாள் அம்சா. “ஆனா கை தூக்கறதுக்கும் சண்ட போடறதுக்கும் வித்தியாசமே தெரியலியே அதுக்கு. ஆளு தப்பாப் பாத்தா ஆளாண்ட சண்டைக்குப் போலாம். மிஷினாண்ட யாரு போறது?”

பார்த்தசாரதி வாய் திறந்துவிட்டார். “அத்தனை வண்டி இருக்கும்மா. ஒவ்வொண்ணா நான் ஒருத்தன் எப்படிப் பார்க்கறது?”

“எல்லாத்தையும் வேண்டாம் சார்” என்றாள் மானசா. “ஒருத்தர் பேரை அடிக்கறதுக்கு முன்னாடி மட்டும் பார்த்தாப் போதும். எங்க ஆபீஸ்ல நாங்க அதைக் கேட்டுண்டேதான் இருக்கோம். செய்யத்தான் ஆள் இல்லை.”

கேளம்பாக்கம் சிக்னல் வழக்கம்போலச் சிவப்பு. ஜெசிந்தா கைப்பிரேக்கை இழுத்தாள். அந்தச் சத்தத்தைப் பார்த்தசாரதி கேட்டார். அவள் திரும்பினாள். ஆள் பார்க்கணும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றாள். கைகள் எழுந்தன. பேச்சு முறைக்குத்தான், கை தன் மனசுக்கு என்று பத்ரியும் தூக்கினார். நடு வரிசையில் ஒருவர் மட்டும் கையை மடியில் வைத்திருந்தார்.

“சார்” என்றாள் ஜெசிந்தா.

“நான் பார்க்கத்தான்மா வந்தேன்.”

“பாக்க வந்தவங்களுக்கும் ஒரு கை உண்டு சார். எந்தப் பக்கம்னாலும் சரி. ஆனா தூக்கணும்.”

அவர் அந்த முகங்களைப் பார்த்தார். எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தார்கள், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு. அவரிடம் அப்படி யார் கடைசியாகக் கேட்டார்களோ. கை முதலில் தோள்வரை வந்தது, பிறகு முழுசாக மேலே போனது.

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். சிவப்புக் கட்டத்துக்குள் அவருடைய படமேதான், கையைத் தூக்கிக்கொண்டு. பயணிகள் ஆபத்தில். கைகலப்பு. அவர் போனைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். வேன் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவர், நேரில் பார்த்தவர் குறிப்பு எழுதுகிற கட்டம் ஒன்றைத் தேடித் திறந்து தட்டிக்கொண்டிருந்தார். பிறகு படித்தார்: “ஆபத்து இல்லை. வண்டி நின்ற பிறகு இவர்கள் தங்கள் கருத்தைச் சொல்கிறார்கள். நேரில் பார்த்தேன். நானும் சொன்னேன்.” கொஞ்சம் யோசித்து, “பழைய சிவப்பெல்லாத்துக்கும் இதையே போட்டுடறேன்மா. சிவப்பு அழிஞ்சா மிஷின் உங்க பேரைத்தான் போடும், அடுத்த வருஷமும் இந்த ட்ரிப் நீங்கதான்” என்றார்.

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். பின்னாலிருந்து அம்சாவின் குரல் வந்தது.

“அக்கா, உன் கை இன்னும் வர்ல.”

மறந்தே போயிருந்தாள். ஜெசிந்தா முன்பக்கம் திரும்பி, கேமராவின் கண்ணுக்கு நேரே, நன்றாகத் தெரியும்படி கையை உயர்த்தினாள். ஆபிரகாமின் கை போலவே எலும்பு அகன்ற கை. மாமியார் கீச்சென்று கத்தியது. கத்தட்டும் என்று அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு பச்சை விழுந்தது, கைப்பிரேக்கை விடுவித்துச் சிறுசேரிப் பக்கம் வண்டியை எடுத்தாள்.